புது ஆசிரியைக்குத் துணை யார்?

நம் பழைய மாணவியர் எங்கெங்கே என்னென்ன பணியில் இருக்கின்றனர் என்னும் பட்டியல் ஆண்டுதோறும் இம்மலரின் இறுதிப் பக்கங்களில் இடம் பெறுவது வழக்கம். செவிலியர், வங்கி ஊழியர், கணிப்பொறியாளர், துறைமுக அலுவலகக் கணக்கர் என்று அது நீளும்போது எங்களுக்குப் பெருமை தாளாது. ஆனால் 'ஆசிரியை' என்று குறித்த ஒரு பெயரைக் காணும்போது மட்டும் மகிழ்ச்சியோடு சிறு கவலையும் கலந்து விடுகிறது. இந்தப் பெண் அடுத்த ஆண்டுப் பட்டியலிலும் ஆசிரியையாகவே இருப்பாளா என்பதே அக்கவலை.

ஆசிரியப் பணி அறப்பணி, தூய பணி, நாட்டை உருவாக்கும் பணி என்று மேடையில் முழங்குவதற்கு நமக்குச் செப்டம்பர் 5 இருக்கிறது. டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடி வருகிறோம். அன்று பூங்கொத்தும் பேனாவும் கிடைக்கின்றன. பாட்டும் நடனமும் நடக்கின்றன. மறுநாள் காலை முதல் மணி அடித்ததும் புது ஆசிரியை தனியே வகுப்புக்குள் நுழைகிறாள். அதன் பின் அவளுக்குத் துணை யார்? எங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி விடுகிறோம். இளம் ஆசிரியைக்கு ஊக்கம் அளிப்பது என்றால் முதல் ஓராண்டு அவளோடு கூடவே இருப்பது என்று பொருள். மூத்த ஆசிரியையின் சம்பளத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே நாங்கள் கருதுகிறோம்.

எதை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்ற மாணவி ஒருத்தி, ஆசிரியர் பயிற்சி பெற்று, காட்டுப்பள்ளிப் பக்கத்துச் சிறு பள்ளி ஒன்றில் தொகுப்பூதியத்தில் சேர்ந்தாள். காட்டுப்பள்ளியை உங்களில் பலர் வரைபடத்தில் மட்டுமே பார்த்திருக்கக் கூடும். கிழக்கே வங்கக் கடல். மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம். வடக்கே போனால் பழவேற்காடு. இவற்றுக்கு நடுவே ஒரு மணல் திட்டு. மீனவர் குப்பங்கள் மட்டும் இருந்த அக்கரையில் 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதுதான் இப்போது காமராசர் துறைமுகம். 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்தார் தங்கள் பழைய கரையை விட்டு வேறிடம் பெயர்ந்தனர். 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அவ்வழியே இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் போகின்றன. அந்த லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் புகுந்து, முகத்திலும் புடவையிலும் புழுதியோடு போய்ச் சேருகிறவள்தான் நம் பெண்.

மூன்று மாதம் கழித்துப் பழைய மாணவியர் கூட்டத்துக்கு வந்தபோது, "மிஸ், நான் நின்னுடலாம்னு இருக்கேன்" என்றாள். பிள்ளைகள் அடங்குவதில்லை, தொண்டை கட்டிப் போயிற்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு எழுத்துச் சேர்த்துப் படிக்க வரவில்லை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உடன் பணியாற்றும் மூத்தவரிடம் கேட்டால், "எல்லாம் போகப் போகச் சரியாயிடும்" என்று பதில். இன்னொருவர், "இந்தப் பசங்களுக்கு இவ்வளவு போதும், நீ ஏன் அலட்டிக்கிறே?" என்றாராம். வீட்டிலோ, துறைமுகத்துக் குடோன் அலுவலகத்தில் தட்டச்சு வேலை இருக்கிறது, இதைவிட இரு மடங்கு சம்பளம் என்று நெருக்கம். கண் கலங்கியபடி அவள் சொன்ன ஒன்றுதான் எங்கள் நெஞ்சில் தைத்தது: "நான் போனா நாலாவது டீச்சர் போன மாதிரி. பிள்ளைங்க கேக்கறாங்க மிஸ், 'நீங்க எப்போ போவீங்க'ன்னு."

சம்பளம் ஒரு பொருட்டல்ல என்று அவளுக்கு உபதேசம் செய்ய நாங்கள் துணியவில்லை. தொகுப்பூதியத்தில் வீட்டு வாடகை கட்டி, தம்பியைப் படிக்க வைக்கும் பெண்ணிடம் தியாகத்தைப் பற்றிப் பேசுவது, நன்றாகச் சாப்பிட்டவர் பட்டினி நோன்பின் மாண்பைப் பேசுவது போல. ஆசிரியைக்கு நியாயமான ஊதியம் தராமல் அவளது தொண்டுள்ளத்தை மட்டும் எதிர்பார்க்கும் நிர்வாகங்கள் வெட்கப்பட வேண்டும். ஆனால் அவள் போக நினைத்ததற்குச் சம்பளம் முதற்காரணம் அன்று. அவள் பேச்சைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தோம். மூன்று மாதத்தில் ஒரு நாளாவது, ஒரு பாடவேளையாவது, மூத்தவர் ஒருவர் அவள் வகுப்பின் பின் பெஞ்சில் வந்து உட்காரவில்லை. தான் கற்பிப்பது நன்றா, தீதா என்று அவளுக்கே தெரியாது. தெரியாமல் உழைப்பதைப் போல் மனிதரைச் சோர்வடையச் செய்வது வேறொன்றும் இல்லை.

இது காட்டுப்பள்ளிக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணி விடலாகாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு போராடும்போது, அடுத்த அறையில் இருக்கும் புதியவளை எட்டிப் பார்ப்பது எப்போது? ஆகவே அந்த மூத்தவர்களை மட்டும் நோவதில் பயன் இல்லை. ஏற்பாடே அப்படி இருக்கிறது. ஏற்பாட்டை மாற்ற முடியுமா என்றால், முடியும். நம் சென்னையிலேயே நூறாண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி மாற்றிக் காட்டியிருக்கிறார்.

சகோதரி சுப்புலட்சுமி என்னும் பெயரை நம் மாணவியர் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? 1886-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே மணம் முடித்து வைத்தார்கள். கணவர் விரைவிலேயே இறந்தார். பொட்டும் பூவும் இழந்து, வீட்டின் இருட்டு மூலையில் ஒடுங்கியிருக்க வேண்டியவர் என்று அன்றைய சமூகம் தீர்ப்பு எழுதிவிட்டது. ஆனால் அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. மகளுக்குத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்பு பிரசன்டேசன் கன்னியர் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். அந்தக் கன்னியர் 1842 முதல் நம் வடசென்னையின் ஜார்ஜ் டவுனில் பள்ளி நடத்தி வந்தவர்கள். அவர்கள் தங்களை மறந்து பிள்ளைகளுக்காக உழைத்ததை அருகிருந்து பார்த்தவர் சுப்புலட்சுமி. அவர் மதம் மாறவில்லை. கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆயினும் 'சகோதரி' என்னும் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறி, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது பட்டத்தை அன்று. பட்டத்துக்குப் பின் நடந்ததை. அக்காலத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் இருந்தும் கற்பிக்கப் பெண்கள் இல்லை. ஆண் ஆசிரியரிடம் பெரிய பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். இன்னொரு பக்கம், வீட்டு மூலைகளில் எத்தனையோ இளம் விதவைகள் வாழ்நாள் முழுவதையும் வீணே கழித்துக் கொண்டிருந்தனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களில் ஒருவர் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த செல்வி கிறிஸ்டினா லிஞ்ச். அந்த விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினால் என்ன? அனுபவம் மிக்க அந்த அதிகாரி, இருபத்தைந்து வயதுச் சுப்புலட்சுமியைத் தட்டிக் கொடுத்து, "நீ செய், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்னும் முறையில் அரசு உதவிக்கும் வழி தேடிக் கொடுத்தார்.

சுப்புலட்சுமி என்ன செய்தார்? அறிக்கை எழுதவில்லை, எழும்பூரில் இருந்த தம் வீட்டுக்கே நான்கு இளம் விதவைகளை அழைத்து வந்தார். தாமும் விதவையான சித்தி வாலாம்பாள் சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். (இந்தச் சித்தியைப் பற்றி யாரும் விழா எடுப்பதில்லை. அடுப்படியில் அவர் இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் மேசையில் உட்கார்ந்து படித்திருக்க முடியுமா?) அக்கம் பக்கத்தார் ஏசினர், உறவினர் ஒதுக்கினர். ஆயினும் எண்ணிக்கை பெருகியது. இல்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், முன்பு அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் பெயர்ந்தது. விவேகானந்தர் இல்லம் என்று இன்று நாம் சுற்றுலா செல்கிறோமே, அதே கட்டடந்தான். அருகிலேயே 1914-இல் இராணி மேரி கல்லூரியும் தோன்றியதால் அந்தப் பெண்களில் சிலர் நடந்தே கல்லூரிக்குச் சென்றனர்.

1922-இல் அவர் பொறுப்பில் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி உருவாயிற்று. அதைவிட முக்கியம், அதனோடு ஒட்டியே ஒரு பயிற்சிப் பள்ளியும் இருந்தது. பயிற்சி பெறும் பெண் நேற்று வகுப்பில் கேட்டதை இன்று உயிருள்ள பிள்ளைகளிடம் செய்து பார்ப்பாள், மூத்தவர் பார்த்துக்கொண்டிருப்பார், மாலையில் பேசுவார்கள். அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சகோதரி சுப்புலட்சுமி பள்ளி நடத்தினார் என்பதை, காட்டுப்பள்ளியை எண்ணும்போது நாம் மறக்க முடியவில்லை. 1958-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது; 1969-இல் மறைந்தார். அவர் வழியாக ஆசிரியைகளாகிப் போனவர்களிடம் படித்த நம் பாட்டிமார் எத்தனை பேரோ!

வேறு நாட்டிலும் இதே கதைதான். பிரான்சின் ரேம்ஸ் நகரில் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் என்னும் குரு 1681-இல், ஒழுங்கான பயிற்சியின்றித் தடுமாறிய ஏழைப் பள்ளி ஆசிரியர்களைத் தம் வீட்டுக்கே அழைத்து வந்து குடிவைத்தார். செல்வக் குடும்பத்து உறவினர்கள் கொதித்தனர், அவர் அசையவில்லை. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். ரேம்ஸ் எங்கே, எழும்பூர் எங்கே! இருவருக்கும் தோன்றியது ஒன்றே: ஆசிரியரை உருவாக்க விரும்பினால் முதலில் வீட்டுக் கதவைத் திற.

ஹெலன் கெல்லர் கதையை நாம் அனைவரும் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆசிரியை ஆன் சல்லிவன் 1887 மார்ச் 3 அன்று அவ்வீட்டுக்குப் போனபோது அவளுக்கு வயது 20 தான். அவள் வெறுங்கையோடு போகவில்லை. கண்ணும் காதும் இழந்த லாரா பிரிட்ஜ்மனுக்குக் கற்பித்த டாக்டர் ஹோவின் குறிப்புகளை மாதக்கணக்கில் படித்து விட்டே போனாள். போன பின்பும் தன் பள்ளி விடுதித் தாயாக இருந்த திருமதி ஹாப்கின்ஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாள். ஹெலன் தட்டில் கைவிட்டதையும், அடித்ததையும், கதவைப் பூட்டியதையும் ஒளிக்காமல் எழுதினாள். அக்கடிதங்கள் ஹெலனின் தன்வரலாற்று நூலோடு 1903-இல் அச்சாயின. உலகமே வியக்கும் ஆசிரியைக்கும், "இன்று என்னால் முடியவில்லை" என்று சொல்ல ஓர் அம்மா தேவைப்பட்டிருக்கிறார். காட்டுப்பள்ளிப் பெண்ணுக்குத் தேவைப்படாதா?

சரி, பின் பெஞ்சில் உட்காரும் மூத்தவர் என்ன செய்வார்? குறை எழுதும் நோட்டோடு வரும் ஆய்வாளராக அவர் வரக்கூடாது. முதல் வாரம் சும்மா உட்காரட்டும். புது ஆசிரியை கேள்வி கேட்டதும் முன் பெஞ்சுப் பிள்ளைகளையே பார்க்கிறாளா, சன்னலோரம் இருப்பவனின் பெயர் அவளுக்குத் தெரியுமா, கரும்பலகையின் கீழ் மூலை பின்னாலிருந்து தெரிகிறதா என்று பார்க்கட்டும். அமெரிக்கப் பேராசிரியை மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடியே பொறுக்கிறார்கள். மூன்று வினாடி பொறுத்தால், அதுவரை வாய் திறவாத பிள்ளைகளும் பேசுகிறார்கள், விடையும் நீள்கிறது என்று கண்டார். மூன்று வினாடி! எந்த நிர்வாகத்திடமும் பணம் கேட்க வேண்டாத சீர்திருத்தம். ஆனால் தான் பொறுக்கவில்லை என்பது ஆசிரியைக்குத் தானே தெரியாது. பின்னாலிருந்து ஒருவர் எண்ணிச் சொன்னால்தான் தெரியும்.

அடங்காத வகுப்பைப் பற்றி ஒரு சொல். கத்தினால் பிள்ளைகளும் கத்துவார்கள். லாரிச் சத்தம் வேறு. கத்துவதை நிறுத்தி, முதல் ஐந்து நிமிடத்துக்கு அனைவருக்கும் கையில் ஒரு வேலை கொடுத்துப் பார். பிரம்பை எண்ணவே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அடிபட்ட பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராமல் கழிக்கரைக்கே போகும்.

அந்த ஊரையும் மூத்தவர்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை வராத பையனின் தாயைக் கேட்டால், "இன்னிக்கு எங்க பாடு டீச்சரம்மா, அதான் கூட்டிக்கினு போனோம்" என்பார். பாடு என்பது பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்கள் எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலையிடுவது என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு. இதை அறியாத ஆசிரியை 'பொறுப்பற்ற பெற்றோர்' என்று எழுதி விடுவாள். அறிந்தவளோ, அந்தப் பாட்டு முறையையே வகுத்தல் கணக்காக்கிக் கரும்பலகையில் போடுவாள். எத்தனை குடும்பம், எத்தனை இடம், என் முறை மறுபடி எப்போது? இரண்டு எழுத்துக் கூட்டத் தெரியாது என்று அவள் வருந்திய அதே பிள்ளை, வாடைக்கும் தென்றலுக்கும் கடல் எப்படி மாறும் என்று சொல்லும். வலை, வாடை, இறால், ஓடம், கழி என்று அவன் வாயிலிருக்கும் சொல்லிலிருந்தே எழுத்தைத் தொடங்கலாமே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, படகும் வலையும் கறுத்துப் போன நாட்களில், புது நோட்டு வாங்கி வரவில்லை என்று பிள்ளையை வெளியே நிறுத்தியிருந்தால் அது எப்பேர்ப்பட்ட கொடுமையாக இருந்திருக்கும்! இவை பயிற்சிக் கல்லூரிப் புத்தகத்தில் இல்லை. பக்கத்தில் இருந்து பழகியவர் சொன்னால்தான் உண்டு.

தலைமையாசிரியைகளுக்கும் ஒரு விண்ணப்பம். புதிதாக வந்தவளுக்கே மிகக் கடினமான வகுப்பையும், விழாப் பொறுப்பையும், பேருந்துக் காவலையும், யாரும் விரும்பாத கடைசிப் பாடவேளையையும் கொடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. "நாங்களும் அப்படித்தான் வந்தோம்" என்பார்கள். மாமியார் பட்டதை மருமகளும் படட்டும் என்னும் நியாயந்தான் இது! முதல் ஆண்டில் அவளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை ஓய்வு கொடுத்து, அந்நேரம் மூத்தவர் வகுப்பில் அவளைப் பின் பெஞ்சில் உட்கார வையுங்கள். பார்க்கப்படுவதோடு பார்ப்பதும் வேண்டும் அல்லவா? இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியாயின், அருகிலுள்ள பெரிய பள்ளி ஒன்று அதைத் தத்தெடுத்துக்கொள்ளலாம்.

இனி, இவ்வாண்டு பயிற்சியில் சேரப் போகும் உங்களுக்கு. தங்கைகளே, முதல் ஆறு மாதத்தில் அழுகை வந்தால் உங்களுக்கு இப்பணி வராது என்று முடிவு கட்டி விடாதீர்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். சிறிய நோட்டு ஒன்று வைத்து, அன்றாடம் ஒரு பிள்ளையின் பெயரையும், அது அன்று புதிதாகச் செய்த ஒன்றையும் எழுதுங்கள். சோர்ந்த நாளில் பழைய பக்கத்தைப் புரட்டினால், நவம்பரில் 'அ' எழுதத் தடுமாறியவன் பிப்ரவரியில் தன் அப்பா பெயரை எழுதியது கண்ணில் படும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்றால், ஓராண்டு முடித்து, பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போங்கள். நடு ஆண்டில் சொல்லாமல் போவது மட்டும் வேண்டாம்.

எங்கள் அளவில் ஒன்று தீர்மானித்திருக்கிறோம். வரும் ஜூன் முதல், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் நம் பள்ளி ஆசிரியைகள் அறை திறந்திருக்கும். எந்தப் பள்ளியில் பணியாற்றினாலும், அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், நம் பழைய மாணவியர் வரலாம். உடன் பணியாற்றும் தோழியரையும் அழைத்து வரலாம். பாடக்குறிப்பேட்டையும், பிள்ளைகளின் இரண்டு மூன்று நோட்டுகளையும் கொண்டு வாருங்கள். நீங்கள் அழைத்தால், உங்கள் தலைமையாசிரியை இசைந்தால், எங்களில் ஒருவர் உங்கள் வகுப்புக்கும் வந்து பின் பெஞ்சில் உட்காருவோம். காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறித் திருவொற்றியூரில் இறங்கலாம். திரும்பும் வண்டிக்கு நேரம் பார்த்தே தேநீர் போடச் சொல்லியிருக்கிறோம்.